உச்சியில் நிற்பவள் – 9: பெயர் எழுதாத பெண் குழந்தை

"மறைக்காம சொல்லு சோனியா. உனக்குப் பதினாறு வயசா?"

ஜபீன் மிஸ் இப்படிக் கேட்டதும் சோனியாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பதினாறாம்! ஒன்றாம் வகுப்பிலிருந்து இன்றுவரை பிரேயரில் முதல் வரிசையை விட்டு நகராதவள் அவள். பஸ் கண்டக்டர் இன்னும் அரை டிக்கெட்தான் கிழிக்கிறார்.

"இன்னா மிஸ், காலங்காத்தாலயே கலாய்க்கிறீங்க?"

மிஸ் சிரிக்கவில்லை. அவர் கையில் ஒரு ஃபேக்ஸ் தாள் இருந்தது. விளையாட்டு அறையில் பாய் விரித்துக்கொண்டிருந்த மற்றப் பதினோரு பெண்களும் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

விட்ட இடத்தைக் கொஞ்சம் தொட்டுக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பள்ளியில், ஆலைத் தொழிலாளிகளின் பெண்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஜபீன் மிஸ் ஒரு சியர் லீடிங் குழு அமைத்தார். "கிரிக்கெட்ல குட்டைப் பாவாடை கட்டிக்கினு குதிக்கிறாளுங்களே, அந்தக் கூத்தா?" என்று ஊரே எகிறியது. "முழுக்கால் பேன்ட்தான், வந்து பாருங்க" என்று மிஸ் வீடு வீடாகப் போய் நின்றார். வந்து பார்த்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு திரும்பினார்கள். நாலு பேர் கீழே, இரண்டு பேர் நடுவில், அத்தனை தோள்களுக்கும் மேலே ஒற்றைக் காலில் சோனியா! இந்த ஞாயிற்றுக்கிழமை சென்னையில் போட்டி. ஜெயித்தால் டெல்லி. வயதுக்கு ஆதாரம் கேட்டார்கள் என்று, சோனியாவின் அப்பா எபினேசர் உருக்காலையில் ஷிஃப்ட் முடிந்த கையோடு பதிவு ஆபீசுக்கு ஓடினார். பிறப்புச் சான்றிதழை வாங்கி, உறையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பள்ளியில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

பிரித்துப் பார்த்திருக்கலாம் மனுஷன். ஒரு நிமிஷ வேலை.

"ஜூனியர் பிரிவுல ஆடணும்னா ஆகஸ்ட் முப்பத்தொண்ணாம் தேதிக்குப் பதினாலு வயசைத் தாண்டியிருக்கக் கூடாது" என்றார் மிஸ். "உன் சான்றிதழ்ல பிறந்த தேதி இன்னா போட்டிருக்கு தெரியுமா? மூணாந்தேதி அக்டோபர், தொண்ணூத்தி மூணு."

"இல்ல மிஸ்! நான் டிசம்பர் பன்னெண்டு! தொண்ணூத்தஞ்சு!"

"உன் நைனா பேரு எபினேசர். அம்மா பேரு விக்டோரியா. விலாசமும் உங்க விலாசம்தான். பெண் குழந்தைனு போட்டிருக்கு. ஸ்கூல் ஆபீஸ்ல எல்லாரோட பேப்பரையும் சேர்த்து ஃபேக்ஸ் பண்ணிட்டாங்க, நானும் பார்க்கல. நேத்து ராத்திரி சென்னைப் போட்டிக்காரங்ககிட்டேர்ந்து பதில் வந்திருக்கு. ஒருத்தி வயசு தப்புனாலும் மொத்தக் குழுவும் வெளியே. அடுத்த ரெண்டு வருஷத்துக்கு நம்ம ஸ்கூல் பேரையே சேர்க்க மாட்டாங்களாம். இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சரியான ஆதாரம் அனுப்பணும். அவ்ளோதான் டைம்."

முதலில் வாயைத் திறந்தவள் சிஃபா. கோபுரத்தில் சோனியாவின் காலைத் தாங்கும் தோள் அவளுடையது.

"ஆறு மாசமா உன்னைத் தூக்கித் தூக்கி என் தோளே காய்ச்சுப் போச்சுடி. ஃபெயிலாகி ஃபெயிலாகி வந்தியா? சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சிஃபா, சத்தியமா…"

"சத்தியம் பண்ணாத. பேப்பர் பொய் சொல்லுமா?"

மேலேயிருந்து எத்தனையோ தடவை விழுந்திருக்கிறாள் சோனியா. ஒவ்வொரு தடவையும் கீழே இந்தக் கைகள் இருந்தன. இப்போது பதினோரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

*

மிஸ்ஸின் ஸ்கூட்டி தொழிற்பேட்டை ரோட்டுப் பள்ளங்களில் ஏறி இறங்கி, லைன் வீடுகளுக்கு முன்னால் நின்றபோது மணி பத்தரை. விக்டோரியா வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு அவளுக்குப் பேக்கிங் கம்பெனியில் ஷிஃப்ட்.

"வாங்க மிஸ்! இன்னா இந்நேரத்துக்கு? இவ கீழ விழுந்துட்டாளா?"

"விழல சோனியாம்மா. இதைக் கொஞ்சம் பாருங்க."

கையெல்லாம் மீன் என்பதால் விக்டோரியா தாளைத் தொடவில்லை. மிஸ் பிடித்துக் காட்ட, எட்டிப் பார்த்தாள். இரண்டு வரிதான் படித்திருப்பாள்.

"இது இவளுது இல்ல."

சொல்லிவிட்டு எழுந்தாள். குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். புடவையில் துடைத்தாள். மறுபடியும் கழுவினாள்.

சோனியா சின்னப் பெண்தான். ஆனால் முட்டாள் இல்லை. தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அம்மா சொல்லவில்லை. இவளுடையது இல்லை என்கிறாள். அப்படியென்றால் யாருடையது?

"யாருதும்மா?"

"எவனோ ஆபீஸ்ல கண்ணை மூடிக்கினு எழுதிட்டான். உங்க நைனாவைச் சொல்லணும். அந்த ஆபீசுக்கெல்லாம் போவாத, ஸ்கூல் சர்டிபிகேட்டு போதும்னு தலப்பாடா அடிச்சிக்கினேன். கேட்டாரா? பெரிய கலெக்டராட்டம் போயி வாங்கியாந்தாரு!"

"சோனியாம்மா, ஸ்கூல் சர்டிபிகேட்டை அவங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றார் மிஸ். "நம்ம ஊர்லதான் கையைத் தலைக்கு மேல போட்டுக் காதைத் தொட்டா அஞ்சு வயசுனு சேர்த்துடறோமே, அது அவங்களுக்கும் தெரியும். நீங்க கூட வாங்க. ஆபீஸ்ல பெத்தவங்க ஒருத்தர் இருந்தா உடனே திருத்திக் கொடுப்பாங்க."

"நானா? எனக்கு ஷிஃப்ட் இருக்குது மிஸ். லீவு போட்டா சூப்பர்வைசர் பேஜாரு பண்ணுவான்."

"அஞ்சு மணிக்குள்ள…"

"வரலைன்னு சொல்றேன் இல்ல!"

விக்டோரியா கத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது. மிஸ் அதிர்ந்துபோய் நின்றார். எட்டு வாரமாக இந்தப் பெண்மணியை நமக்குத் தெரியும். 'எம் பொண்ணு மேல நிக்கட்டும் மிஸ், நான் பார்க்கணும்' என்று ஊரோடு சண்டை போட்டவள். இன்றைக்கு ஒரு தாளைக் கண்டு இப்படி நடுங்குகிறாள்.

சோனியா அழவில்லை. அம்மாவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பொய் சொல்லி ஏமாத்திட்டேன்னு சிஃபா சொல்றாம்மா. எல்லாரும் என்னைத் திருடியாட்டம் பார்க்கறாங்க. நீதானே பெத்த? எப்ப பெத்தேன்னு வந்து சொல்லும்மா. அதுகூடவா முடியாது?"

விக்டோரியா மகளைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். நெத்திலி பாதி ஆய்ந்தபடியே கிடந்தது. மத்தியானத்துக்குள் பூனை தின்றுவிட்டிருக்கும்.

*

பதிவு ஆபீசில் தேசப்பன் என்ற எழுத்தர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுகிற வகை. சான்றிதழைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"நான் கொடுத்ததுதான். செவ்வாக்கிழமை ஒருத்தர் வந்தாரு, உடம்பெல்லாம் இரும்புத் தூசி. தேதி கேட்டா டிசம்பர்ங்கறாரு, வருஷம் கேட்டா முழிக்கிறாரு. சரி, கல்யாணம் எப்போன்னேன். தொண்ணூத்திரெண்டுன்னாரு. மொத கொழந்தையான்னேன். ஆமான்னாரு. கல்யாணத்துலேர்ந்து புரட்டிக்கினு வந்தேன், இவங்க பேர்ல மொத பொண்ணு அக்டோபர்ல இருந்துச்சு. டிசம்பர்னு சொன்னது மறதியா இருக்கும்னு எழுதிக் கொடுத்தேன். கொழந்தை பேரு எழுதலை. அந்தக் காலத்துல எவன் பேரு வெச்சிட்டு வந்து பதிஞ்சான்? பாதிப் பேருக்கு வெறும் 'பெண்', 'ஆண்'தான்."

"தொண்ணூத்தஞ்சு டிசம்பர் பன்னெண்டு பாருங்க சார்" என்றார் ஜபீன் மிஸ். "அந்த மொத பதிவே தப்பா இருக்கும்."

"சாப்பாட்டுக்கு அப்புறம் பார்க்கறேன்."

சர்க்கார் சாப்பாடு இரண்டரை மணிக்கு முடிந்தது. மிஸ் உருக்காலை கேட்டுக்குப் போன் போட்டு எபினேசருக்குச் செய்தி சொல்லிவிட்டார். மூன்று பேரும் வேப்பமரத்தடி பெஞ்சில் காத்திருந்தார்கள். விக்டோரியா டீகூட வேண்டாம் என்றுவிட்டாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

தேசப்பன் தடித்த ரிஜிஸ்டர்கள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார். தூசி கிளம்பியது. எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"டிசம்பர் பன்னெண்டு… இந்தா. பெண். எபினேசர், விக்டோரியா. சரியா இருக்குது."

"அப்பாடா!" என்று சோனியா துள்ளினாள். "நான் சொன்னேன் இல்ல மிஸ்!"

தேசப்பன் துள்ளவில்லை. கண்ணாடியை இறக்கி, பழைய ரிஜிஸ்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அதுவும் சரிதான், இதுவும் சரிதான். தொண்ணூத்தி மூணுல பிரசவ வரிசை ஒண்ணு. தொண்ணூத்தஞ்சுல பிரசவ வரிசை ரெண்டு. ரெண்டுலயும் அச்சுல வார்த்த மாதிரி இவங்க கையெழுத்து." விக்டோரியாவை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு ரெண்டு பொண்ணு பொறந்திருக்குதேம்மா."

சோனியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

அந்த நேரத்தில்தான் எபினேசர் உள்ளே வந்தார். ஷிஃப்ட் முடிந்து முகம்கூடக் கழுவாமல் சைக்கிளை மிதித்து வந்திருந்தார். மேஜையில் விரிந்து கிடந்த இரண்டு ரிஜிஸ்டர்களையும் பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது. தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"என் வாயால வந்த வினை" என்றார். "மொத கொழந்தையான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். பதினாறு வருஷமா எவன் கேட்டாலும் அப்படியே சொல்லிச் சொல்லி… வாய்க்குப் பழகிப்போச்சு."

"நைனா, இன்னா சொல்ற நீ?"

"உனக்கு ஒரு அக்கா இருந்தா கண்ணு. பத்தே நாள்தான் இருந்தா. தவறிட்டா."

அக்கா. அந்த வார்த்தையால் சோனியா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். தனக்கென்று ஒருத்தி இருந்தாள் என்று யாரும் சொன்னதில்லை.

"ஏன் சொல்லல?"

"உங்கம்மா தாங்க மாட்டா. அந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு நாள் சோறு தண்ணி கிடையாது. நான் அப்போ லாரியில கிளீனர். எளாவூர் செக்போஸ்ட் தாண்டுனா திரும்பி வர ஒரு மாசம் ஆவும். கல்கத்தாவுலேர்ந்து வந்து நிக்கறேன், கொழந்தை பொறந்து செத்துப் பொதைச்சே பத்து நாள் ஆச்சுங்கறா. நான் மூஞ்சியே பார்க்கல கண்ணு. எங்கம்மா கல்லறை பக்கத்துல ஒரு சின்ன மேடு இருக்குது இல்ல? வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு நான் மெழுகுவத்தி வெக்கிறேனே, அது யாருன்னு நீகூடக் கேட்டியே. அதான் உங்கக்கா."

எபினேசரின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, இரும்புத் தூசியில் கோடு போட்டது. தேசப்பன்கூடத் தொண்டையைச் செருமிக்கொண்டார். செய்த தவற்றுக்குப் பரிகாரம் போல, அதிகாரியிடம் தானே ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கி, சரியான சான்றிதழைக் கால் மணி நேரத்தில் கொண்டுவந்து கொடுத்தார்.

கதை இதோடு முடிந்திருந்தால் எல்லோரும் ஒரு பாட்டம் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

*

ஜபீன் மிஸ் புதிய சான்றிதழை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டுச் சென்னைக்குப் போன் செய்தார். போட்டிக் குழுவில் இருந்த அம்மாளின் குரல் ஸ்பீக்கரில் கறாராக ஒலித்தது.

"நேத்து ஒரு சர்டிபிகேட், இன்னைக்கு ஒண்ணா? ரெண்டுலயும் ஒரே அப்பா அம்மா. ரெண்டுலயும் பேர் இல்லை. நாங்க எதை நம்பறது மேடம்? வயசைக் குறைக்க வேற பிள்ளையோட சர்டிபிகேட்டைக் காட்டறது நாங்க பார்க்காததா?"

"முதல் குழந்தை இறந்துடுச்சு மேடம்."

குரல் கொஞ்சம் இளகியது. "சாரி. அப்போ இறப்புச் சான்றிதழ் அனுப்புங்க. அது இல்லைன்னா அப்பா அம்மா ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதிகாரி முத்திரையோட அனுப்புங்க. அஞ்சு மணிக்கு நாங்க பட்டியலை மூடிடுவோம்."

தேசப்பன் இறப்புப் பதிவேட்டை எடுத்து, அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்று விரல் வைத்து இறங்கினார். அடுத்த வருஷத்தையும் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இல்ல. பரவால்ல, ஊட்ல தவறுன பச்சக் கொழந்தையை எத்தினி பேரு பதிஞ்சாங்க? கடுதாசியே போதும். நானே எழுதறேன்."

அவருடைய எழுத்து முத்து முத்தாக இருந்தது. எழுதி முடித்து உரக்கப் படித்தார். "எங்களுக்கு மூன்று பத்து தொண்ணூற்று மூன்றில் பிறந்த மேற்படி பெண் குழந்தை, பிறந்த பத்தாம் நாள் இறந்துவிட்டது என்று உறுதி கூறுகிறோம். போடுங்க ரெண்டு பேரும்."

எபினேசர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போட்டார். பேனாவை மனைவியிடம் நீட்டினார்.

மணி நாலு.

விக்டோரியா பேனாவை வாங்கினாள். தாளைத் தன் பக்கம் இழுத்தாள். 'வி' என்று எழுதினாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"போடும்மா" என்றாள் சோனியா. "நேரமாவுது."

கை நகரவில்லை.

"சோனியாம்மா, கஷ்டம்தான், புரியுது" என்றார் மிஸ் மெதுவாக. "இந்தப் புள்ளைக்காகப் போடுங்க. பதினோரு புள்ளைங்க அங்க காத்துக்கினு இருக்குது."

"முடியல மிஸ்."

"இன்னா விக்டோரியா?" எபினேசர் அவள் தோளைத் தொட்டார். "போனவ போயிட்டா. இருக்கிறவளைப் பாரு."

விக்டோரியா பேனாவைக் கீழே வைத்தாள். வைத்த சத்தம் அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்டது போலிருந்தது சோனியாவுக்கு.

"உசுரோட இருக்கிறவளை செத்துட்டான்னு எப்படிய்யா எழுதுவேன்?"

யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்தபோது நம்ப முடியவில்லை. தேசப்பன் கண்ணாடியைக் கழற்றினார். ஜபீன் மிஸ்ஸின் வாயிலிருந்து "யா அல்லா" என்று மட்டும் வந்தது.

எபினேசர் சிரித்தார். அதிர்ச்சியில் சில பேர் சிரிப்பார்கள், கேட்கவே பயமாக இருக்கும்.

"இன்னா உளர்ற?"

"உளறல சோனியா நைனா. அவ சாவல." விக்டோரியா தரையைப் பார்த்தபடி பேசினாள். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்பது போல வேகமாகப் பேசினாள். "எனக்கு மஞ்சக்காமாலை. எழுந்து நிக்க முடியல. பாலு இல்ல. நீ கல்கத்தாவுல இருக்கியா, வழியில கவுந்துட்டியான்னு ஒரு சேதி இல்ல. ஒங்கம்மா அப்பத்தான் போயி சேர்ந்தாங்க. புள்ள கத்திக் கத்தி சத்தமே நின்னுபோச்சு. ஆஸ்பத்திரி ஆயா குப்பம்மா வந்து, பெரியபாளையத்துல கோயில் வாசல்ல பூக்கடை வெச்சிருக்கறவங்க, பத்து வருஷமா புள்ள இல்ல, குடுத்துடு, பொழச்சிக்கும்னா. என் மடியிலயே செத்துடும்னு பயந்து குடுத்துட்டேன். ஒத்தப் பைசா வாங்கல. நீ வந்து நின்னு எங்கடி புள்ளைன்னு கேட்டே. குடுத்துட்டேன்னு சொன்னா நீ என்னை வெட்டிப் போட்ருவியோன்னு தோணிச்சு. செத்துப்போச்சுன்னுட்டேன்."

"அந்த மேடு?"

"நீ எங்க பொதைச்சன்னு கேட்டே. மறுநா விடியறதுக்கு முந்தியே போயி கைக்கு எட்டுன மண்ணைக் குவிச்சு வெச்சுட்டு வந்து காட்டுனேன்."

எபினேசர் எழுந்தார். ஸ்டூல் பின்னால் விழுந்தது. அடிக்கப் போகிறார் என்று சோனியா குறுக்கே பாய்ந்தாள். அவர் அடிக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போன மாசம்… இல்ல, இந்த மாசம் ரெண்டாந்தேதிகூட மெழுகுவத்தி வெச்சேனே விக்டோரியா. சாமந்திப்பூ வாங்கிப் போட்டேனே. பதினாறு வருஷம்டி. வெறும் மண்ணுக்கா அழுதேன்? பக்கத்துல நின்னுக்கினு நீயும் பார்த்துக்கினே இருந்தியே!"

விக்டோரியா குனிந்து, விழுந்து கிடந்த ஸ்டூலை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

சோனியாவுக்கு எதை நினைப்பது என்றே தெரியவில்லை. காலையில் அவளுக்கு அக்கா கிடையாது. மூன்று மணிக்குச் செத்துப்போன அக்கா ஒருத்தி வந்தாள். நாலு மணிக்கு அவள் பிழைத்துக்கொண்டாள். சந்தோஷப்படுவதா, அம்மாவைப் பிடித்து உலுக்குவதா? பெரியபாளையம் கோயிலுக்குப் பள்ளியிலிருந்து சுற்றுலா போனோமே, அந்தப் பூக்கடை வரிசையில் நடந்தோமே, அதில் எந்தக் கடை?

"இப்ப இன்னா பண்றது?" தேசப்பன்தான் முதலில் சுதாரித்தார். "இந்தக் கடுதாசி இனிமே செல்லாது. பொய்க் கடுதாசிக்கு முத்திரை வெச்சேன்னா என் வேலை போயிடும்."

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு பதினைந்து. "இறந்துட்டானு காட்ட முடியாது. அப்போ இருக்கானு காட்டணும். அந்தப் பொண்ணு வேற, சோனியா வேறனு யாராவது சொல்லணும். சோனியாம்மா, அவங்க விலாசம் தெரியுமா?"

"மிஸ், வேணாம்" என்றாள் சோனியா திடீரென்று. "நான் ஆடல. அம்மாவை விட்ருங்க."

விக்டோரியா தலையைத் தூக்கினாள். ஆபீசுக்கு வந்த பிறகு முதல் தடவையாக மகளை நேராகப் பார்த்தாள்.

"நீ ஆடுவ. ஒருத்தியைக் கீழ விட்டுட்டேன். உன்னையும் விட மாட்டேன்." மிஸ்ஸிடம் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க மிஸ். நம்பர் தெரியும்."

"எப்படித் தெரியும்?" எபினேசர் அவள் பக்கம் திரும்பினார்.

"குப்பம்மா சாவறதுக்கு முன்னாடி குடுத்தா. கம்பெனி வாசல்ல ஒத்த ரூபா போன் இருக்குது இல்ல? சம்பளத்தன்னைக்குப் போடுவேன். யாராச்சும் எடுத்து ஹலோங்கும். வெச்சிடுவேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் பண்ணல."

எட்டு எண்களை அவள் பார்க்காமலே அழுத்தினாள். எங்கேயோ அழுத்தியதில் ஸ்பீக்கர் திறந்துகொண்டது. மணி அடிக்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஒன்று. இரண்டு. ஐந்தாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ?"

பெண் குரல். சின்னப் பெண்ணின் குரல். பின்னால் உடுக்கைச் சத்தமும், "முழம் பத்து, முழம் பத்து" என்று யாரோ கூவுவதும் கேட்டது.

"ஹலோ, யாரு? அம்மா கடையில இல்ல, பூ எடுக்கப் போயிருக்காங்க. நீங்க யாரு?"

விக்டோரியாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. எபினேசர் மேஜையைப் பிடித்துக்கொண்டு, பெற்ற மகளின் குரலை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஹலோ…" அந்தக் குரல் தயங்கியது. "மாசாமாசம் போன் பண்ணிட்டுப் பேசாமயே வெச்சிடறது நீங்கதானா?"

போன் விக்டோரியாவின் கையிலிருந்து நழுவியது. சோனியா பிடித்துக்கொண்டாள். என்ன கேட்பது? யார் என்று சொல்வது? காலையிலிருந்து ஊரே அவளைக் கேட்டுக் கேட்டு உயிரை எடுத்த கேள்வி ஒன்றுதான் வாயில் வந்தது.

"உனக்கு… உனக்கு இன்னா வயசு?"

"இது இன்னா கேள்வி? அக்டோபர் மூணோட பதினாறு முடிஞ்சுது. ஆமா, நீ யாரு?"